அனுமதி தந்தவர்கள்: ஆங்கிலச் சொற்களில் படிந்த அதிகார வரலாறு

ஒருவர் ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று இன்னொருவர் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உண்டு. லீவ், லெட், அலவ், கிராண்ட், லைசென்ஸ், பெர்மிட், அசென்ட், கன்சென்ட், சாங்ஷன், ஓகே என்று அகராதிகள் இவற்றை ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. தமிழிலும் அனுமதி, ஒப்புதல், இசைவு, சம்மதம் என்று இவற்றை மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் இருக்கிறது. ஆனால் இவை ஒன்றுக்கு ஒன்று ஈடாகப் பிறந்தவை அல்ல. நிலப்பிரபுவின் வாசல், அரசவை, ஆயரின் அலுவலகம், அச்சுக்கூடம், சுங்கச் சாவடி என்று, தடுக்கும் உரிமையை யாரோ ஒருவர் கையில் வைத்திருந்த இடங்களில்தான் இவற்றில் பெரும்பாலானவை புழக்கத்துக்கு வந்தன. கேட்டவர் யார், கொடுத்தவர் யார், அதற்கு என்ன வாங்கினார் என்று பார்த்துக்கொண்டே போனால் இங்கிலாந்தில் அதிகாரம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்பது விளங்கும்.

இவற்றுள் மிகப் பழையவை லீவ், லெட் இரண்டும். நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மண்ணில் வழங்கியவை. லவ், பிலீவ் ஆகிய சொற்களும் லீவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. மனம் உவந்து போகவிடுவது என்பதே அதன் அடிப்படை. தமிழில் விடை கொடுப்பது, விடை பெறுவது என்று சொல்லும்போது அதே கருத்துதான் இருக்கிறது. அலுவலகத்தில் லீவு லெட்டர் எழுதுகிறவர் உண்மையில் கேட்பதும் விடைதான். விடுமுறை என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளில் ஒழுங்காக நடந்துகொண்டவர்களுக்கு 1801 முதல் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ என்ற சீட்டு தரப்பட்டது. தண்டனைக் காலம் முடியாவிட்டாலும் குறித்த வட்டாரத்துக்குள் தனக்கென உழைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

லெட்டின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே ஒலியுள்ள இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றுக்கு விடுவது என்று பொருள், மற்றதற்குத் தடுப்பது என்று பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட, தடுக்கும் லெட் மெல்ல மறைந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் முகப்பு வாசகத்தில் அது இன்னும் இருக்கிறது. இந்தப் பயணியைத் தடையின்றிப் போகவிடுமாறு வெளிநாட்டு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளும் அந்த வாசகத்தில் ‘லெட்’ என்ற சொல்லுக்குத் தடை என்றுதான் பொருள்.

நார்மன்கள் வந்தபின் நிலமெல்லாம் மன்னனுடையது, மற்றவர்கள் அவனிடமிருந்து பெற்றவர்கள் என்ற ஏற்பாடு இறுகியது. கிராண்ட், லைசென்ஸ், வாரன்ட் போன்ற பிரெஞ்சு வழிச் சொற்கள் இந்த ஏற்பாட்டின் கருவிகள். நிலத்தோடு கட்டுண்ட குடியானவன் தன் மகளை மணமுடித்துக் கொடுக்கவும், மகனைப் பள்ளிக்கோ மடத்துக்கோ அனுப்பவும் பிரபுவின் அனுமதி வேண்டியிருந்தது. மகளின் திருமணத்துக்குக் கட்டிய பணத்துக்கு ‘மெர்ச்செட்’ என்று பெயர். பண்ணை நீதிமன்றச் சுருள்களில் இந்தப் பணம் வரவாக வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்ட செய்திகளைவிட அனுமதிக்குக் காசு வாங்கிய செய்திகளே அவற்றில் மிகுதி. தடை என்பது பெரும்பாலும் வருமானத்துக்காகவே போடப்பட்டது என்று இந்தச் சுருள்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

பிரபுக்களும் மேலே கேட்க வேண்டியிருந்தது. நிலத்தைத் திருச்சபைக்கு எழுதிவைப்பதை முதலாம் எட்வர்டின் 1279-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; அதன்பின் அப்படிக் கொடுக்க விரும்பியவர் அரச லைசென்ஸ் வாங்கினார். வீட்டுச் சுவரின் உச்சியில் கோட்டைப் பற்கள் வைத்துக் கட்டவும் லைசென்ஸ் வேண்டும். சசெக்ஸில் அகழி சூழ நிற்கும் போடியம் கோட்டை, இரண்டாம் ரிச்சர்ட் 1385-இல் எட்வர்ட் டாலின்ரிக்குக் கொடுத்த அத்தகைய லைசென்ஸின் பேரில் எழுந்தது. இவை பாதுகாப்பைவிடப் பெருமைக்காகவே விரும்பப்பட்டன என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். மன்னன் பெயரில் முத்திரையிட்ட தாள் ஒன்று வீட்டில் இருப்பதே பெரிய மனிதர் என்பதற்குச் சான்று. அலவ் என்ற சொல்லும் பிரெஞ்சு வழியே வந்ததுதான். லத்தீனில் புகழ்வதற்கு ஒன்று, ஒதுக்கித் தருவதற்கு ஒன்று என்று இருந்த இரண்டு சொற்கள் பிரெஞ்சில் ஒன்றாகிப் பிறந்தது அது. சம்பளப் பட்டியலில் வரும் அலவன்ஸ் இரண்டாவது பொருளைக் காத்துவைத்திருக்கிறது.

அரச அனுமதியின் உச்சம் நாடாளுமன்றத்தில் நடப்பது. இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா மன்னரின் அசென்ட் கிடைத்தால்தான் சட்டமாகும். சடங்கு முறையில் தரும்போது அந்த ஒப்புதலை இன்றும் ஆங்கிலத்தில் சொல்வதில்லை. நார்மன் காலத்துப் பிரெஞ்சில் சொல்கிறார்கள். ஓர் அலுவலர் மசோதாவின் பெயரைப் படிக்க, நாடாளுமன்ற எழுத்தர் ‘லெ ருவா லெ வூ’ என்கிறார். மன்னர் அதை விரும்புகிறார் என்பது பொருள். ஆட்சியில் இருப்பது அரசி என்றால் சொல்லும் அதற்கேற்ப மாறும். வரி, செலவு தொடர்பான மசோதாவாக இருந்தால் வாசகம் நீளும்: மன்னர் தம் நல்ல குடிமக்களுக்கு நன்றி கூறி, அவர்கள் அளிப்பதை ஏற்று, அவ்வாறே விரும்புகிறார். தனியாரின் மசோதாவாக இருந்தால், வேண்டியபடியே ஆகட்டும் என்பார்கள். பணம் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் நன்றி உண்டு என்ற இந்த வேறுபாட்டில் இடைக்கால அரசின் நிலைமை முழுவதும் இருக்கிறது. வரி என்பது அன்று மன்னன் எடுத்துக்கொள்வது அல்ல, கேட்டு வாங்குவது. குறைகளைத் தீர்க்கும் சட்டங்களுக்கு அவன் இசைய, அவனுடைய போர்ச் செலவுக்கு அவர்கள் இசைந்தார்கள். அசென்ட் இரண்டு பக்கமும் நடந்த பேரம்.

மறுப்புக்கும் ஒரு வாசகம் உண்டு. முடியாது என்று மன்னர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘லெ ருவா சவிசெரா’, அதாவது மன்னர் யோசிப்பார் என்று எழுத்தர் அறிவிப்பார். அந்த வாசகத்தோடு மசோதா முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் குடிப்படை அமைக்கும் மசோதாவுக்கு அரசி ஆன் 1708 மார்ச் 11 அன்று ஒப்புதல் மறுத்தார். பிரெஞ்சுக் கப்பற்படை ஸ்காட்லாந்தை நோக்கி வருகிறது என்ற செய்தி வந்திருந்த நேரம் அது. மறுக்கச் சொன்னவர்களும் அவருடைய அமைச்சர்களே. அதற்குப் பின் பிரிட்டனில் எந்த அரசரும் மறுத்ததில்லை. ஆகவே அசென்ட் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறுக்கப்படாத அனுமதியாக இருந்துவருகிறது. அரசர் நேரில் வந்து ஒப்புதல் தரும் வழக்கமும் 1854-இல் விக்டோரியாவோடு நின்றது. நேரில் வராமல் ஆணைக்குழு மூலம் ஒப்புதல் தரும் முறை தொடங்கியதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. எட்டாம் ஹென்றி தன் ஐந்தாம் மனைவி கேத்தரின் ஹோவர்டுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அதை நேரில் உட்கார்ந்து கேட்கும் துயரம் மன்னருக்கு வேண்டாம் என்று 1542 பிப்ரவரியில் ஆணையர்கள் அவர் சார்பில் சொன்னார்கள். இரண்டு நாளில் அந்தப் பெண்ணின் தலை போனது.

பிரெஞ்சை விலக்கும் முயற்சிகளும் நடந்தன. நீதிமன்றங்களில் ஆங்கிலத்திலேயே வழக்குரைக்க வேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. குடியரசுக் காலத்தில் கிராம்வெல்லின் ஆட்கள் ஒப்புதல் வாசகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பிரெஞ்சும் திரும்பிவிட்டது. ஆயர்களை நியமிப்பதிலும் ஒரு பிரெஞ்சுச் சொற்றொடர் எஞ்சியிருக்கிறது. ‘கோன்ஜே தெலீர்’ என்றால் தேர்ந்தெடுக்க அனுமதி. ஆயர் பதவி காலியானால், புதியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பேராலயக் குருக்கள் குழுவுக்கு மன்னர் அனுமதி அனுப்புவார். கூடவே, யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெயர் குறித்த கடிதமும் வரும். 1534-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பெயரை ஏற்காத குழுவுக்குத் தண்டனை காத்திருந்தது. அனுமதி என்ற பெயரில் கட்டளை பிறப்பிக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ரோமோடு ஹென்றி உறவை முறித்தபோது அனுமதி வழங்கும் ஒரு பெரிய அலுவலகமே இடம் மாறியது. நெருங்கிய உறவில் மணம் செய்ய, நோன்புக் காலத்தில் இறைச்சி உண்ண என்று திருச்சபை விதிகளிலிருந்து விலக்கு வேண்டுவோர் அதுவரை போப்பிடம் கேட்டார்கள். 1533-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கேன்டர்பரி பேராயரிடம் கொடுத்தது. அவருக்குக் கீழ் அமைந்த ஃபாக்கல்டி அலுவலகம் இன்றும் இயங்குகிறது. எங்கும் எப்போதும் மணம் செய்துகொள்ளும் சிறப்பு லைசென்ஸ் அங்கேதான் கிடைக்கும். நோட்டரிகளை நியமிப்பதும் அதுவே.

திருமணத்தில் இரண்டு வகை அனுமதி எதிரெதிரே நின்றன. மணம் என்பதை உண்டாக்குவது ஆண், பெண் இருவரின் கன்சென்ட் மட்டுமே என்று 12-ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் தீர்த்துவைத்திருந்தார். பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டாலும், சடங்கு நடக்காவிட்டாலும், இந்த நொடி முதல் உன்னை ஏற்கிறேன் என்று இருவரும் சொல்லிக்கொண்டால் அந்த மணம் செல்லும். ஆனாலும் முறையாகக் கோயிலில் மணக்க, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிப்புப் படிக்க வேண்டும். அவசரம் என்றால் ஆயரிடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். வூஸ்டர் ஆயரின் பதிவேட்டில் 1582 நவம்பர் 27 அன்று அத்தகைய லைசென்ஸ் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. மறுநாள், இந்த மணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த இருவர் 40 பவுண்டுக்குப் பிணை எழுதிக்கொடுத்தார்கள். மணமகனுக்கு வயது 18. பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். பதிவேட்டில் மணமகள் பெயர் ஆன் வேட்லி என்றும், பிணைப்பத்திரத்தில் ஆன் ஹாத்வே என்றும் இருப்பது எழுத்தரின் பிழை என்பதே பெரும்பாலோர் கருத்து.

அச்சுக்கலை வந்தபின் அனுமதியின் வரலாற்றில் மிகச் சூடான பகுதி தொடங்குகிறது. முன் அனுமதி இல்லாமல் ஆங்கில நூல் அச்சிடக் கூடாது என்று ஹென்றி 1538-இல் அறிவித்தார். 1557-இல் அரசி மேரியும் அவர் கணவர் பிலிப்பும் லண்டன் புத்தக வணிகர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார்கள். தனியாக அரச உரிமம் பெற்றவர்கள் நீங்கலாக, சங்க உறுப்பினர் மட்டுமே இனி அச்சிடலாம். அச்சுக்கூடங்களில் புகுந்து சோதிக்கவும், சட்டவிரோத நூல்களைப் பறிமுதல் செய்யவும் சங்கத்துக்கு உரிமை உண்டு. அரசுக்குத் தணிக்கை வேண்டியிருந்தது, வணிகர்களுக்கு ஏகபோகம் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே சாசனத்தில் கைகோத்தன.

அதன்பின் ஒரு நூல் வெளிவர இரண்டு அனுமதிகள் தேவைப்பட்டன. உள்ளடக்கத்தைப் பார்த்து ஒப்புவது திருச்சபையின் வேலை. 1586-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் அதைக் கேன்டர்பரி பேராயரிடமும் லண்டன் ஆயரிடமும் ஒப்படைத்தது. நூலுக்கு உரிமையாளர் இன்னார் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது சங்கத்தின் வேலை. முதலாவது அலவ் செய்வது, இரண்டாவது பதிவு. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்புக்காக 1623 நவம்பர் 8 அன்று 16 நாடகங்கள் அந்தப் பதிவேட்டில் ஏறின. 1637-இல் கெடுபிடி இன்னும் கூடியது: தலைமை அச்சகர்கள் 20 பேர், எழுத்து வார்ப்பவர்கள் 4 பேர், அதற்குமேல் இருக்கக் கூடாது.

1641-இல் ஸ்டார் சேம்பர் ஒழிந்ததும் துண்டறிக்கைகள் வெள்ளமாகப் பெருகின. மன்னனை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த நாடாளுமன்றமே 1643 ஜூனில் பழைய லைசென்ஸ் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து ஜான் மில்டன் 1644 நவம்பரில் வெளியிட்ட ‘அரியோபாஜிடிகா’ லைசென்ஸ் வாங்காமலே அச்சானது. இத்தாலிய நூலொன்றின் முகப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பாதிரிமார் எழுதிய ‘இம்ப்ரிமாட்டூர்’களை அவர் அப்படியே எடுத்துக்காட்டினார். அச்சிடப்படட்டும் என்ற பொருளுள்ள இந்த லத்தீன் சொல்தான் ஐரோப்பாவில் தணிக்கையாளர் பலர் போட்ட கையெழுத்து. படித்துத் தேர்ந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியதை, அவரைவிடக் குறைந்த அறிவுள்ள அலுவலர் ஒருவர் அவசரமாகப் புரட்டிப் பார்த்து விடை கொடுக்க வேண்டுமா என்பதே மில்டனின் வாதத்தின் உயிர். அந்தக் கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை.

மன்னராட்சி திரும்பியபின் 1662-இல் அச்சு லைசென்ஸ் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அச்சகக் கண்காணிப்பாளராக ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் நியமிக்கப்பட்டார். மன்னனை எதிர்த்து எழுவது நியாயம் என்று வாதிட்ட நூலை இரவில் அச்சிட்டுக்கொண்டிருந்த ஜான் ட்வின் என்பவரை அவரே போய்ப் பிடித்தார். 1664-இல் ட்வின் ராஜத்துரோகக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டார். நூலை எழுதியது யார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. மில்டனும் தப்பவில்லை. ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667-இல் பேராயரின் குரு தாமஸ் டாம்கின்ஸின் மேசைக்குப் போனது. சூரிய கிரகணம் மன்னர்களைக் கலங்கவைப்பதாக வரும் உவமையில் அவர் தடுமாறி நின்றார் என்று மில்டனின் வரலாற்றை எழுதிய ஜான் டோலண்ட் குறிப்பிடுகிறார். கடைசியில் அனுமதி கிடைத்தது. டாம்கின்ஸ் எழுதிய அனுமதிக் குறிப்போடு அந்தக் காவியத்தின் முதல் பகுதியின் கைப்படி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

இந்த முறை எவ்வளவு ஆழமாகப் பரவியிருந்தது என்பதற்கு ஐசக் நியூட்டனின் ‘பிரின்சிபியா’வின் முகப்பேடு ஒன்றே போதும். மேலே லத்தீனில் நூலின் பெயர். அதன் கீழே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் என்ற அடையாளத்தோடு நியூட்டன். அதற்கும் கீழே ‘இம்ப்ரிமாட்டூர், எஸ். பெப்பிஸ், அரச கழகத் தலைவர், ஜூலை 5, 1686’. கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டு நிறுவிய நூலுக்கு விடை கொடுத்தவர் கப்பற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பிஸ். அரச கழகத்துக்குத் தன் நூல்களைத் தானே அனுமதிக்கும் உரிமை சாசனத்தின் வழியே இருந்தது; அந்த ஆண்டு அதன் தலைவர் அவர். அனுமதி தந்த கழகத்திடம் அச்சிடப் பணம் இல்லை. மீன்களைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டுக் கையிருப்பு கரைந்திருந்தது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி தன் சொந்தப் பணத்தில் நூலை 1687-இல் கொண்டுவந்தார்.

1695-இல் சட்டத்தின் காலம் முடிந்தபோது அதை நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. எழுத்துரிமை பற்றிய பெரிய பிரகடனம் ஏதும் எழவில்லை. ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் ஏகபோகம் நூல்களின் விலையை ஏற்றுகிறது, சோதனை என்ற பெயரில் வீடுகளில் புகுகிறார்கள், சட்ட வாசகம் குழப்பமாக இருக்கிறது என்பன போன்ற நடைமுறைக் குறைகளே பேசப்பட்டன. தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதிக்கொடுத்த குறிப்பும் அந்தத் தொனியில்தான் இருந்தது. முன் அனுமதி என்ற முறை இங்கிலாந்தில் இவ்வாறு ஓசையின்றிக் காலாவதியானது. இந்தக் கட்டுரை தொடும் எல்லா ஆண்டுகளிலும் மிகப் பெரிய ஆண்டு அதுதான் என்று துணிந்து சொல்லலாம். லண்டனுக்கு வெளியே அச்சகங்கள் முளைத்தன; 1702-இல் முதல் ஆங்கில நாளிதழ் வந்தது; 1710-இல் நூலின் உரிமை முதன்முதலாக ஆசிரியருக்கே உரியதாகச் சட்டம் ஏற்றது.

அச்சுக்குக் கிடைத்த விடுதலை மேடைக்குக் கிடைக்க மேலும் 273 ஆண்டுகள் ஆயின. அரண்மனைக் கேளிக்கைகளைக் கவனித்துக்கொண்ட ‘மாஸ்டர் ஆஃப் தி ரெவல்ஸ்’ என்ற அலுவலருக்கு 1581-இல் எல்லா நாடகங்களையும் பார்த்து லைசென்ஸ் தரும் அதிகாரம் கிடைத்தது. அப்போது பதவியில் இருந்த எட்மண்ட் டில்னியின் கையெழுத்தைப் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ‘சர் தாமஸ் மோர்’ நாடகக் கைப்படியில் இன்றும் காணலாம். லண்டனில் அயல்நாட்டாருக்கு எதிராக நடந்த கலகத்தைக் காட்டும் காட்சி அதில் வருகிறது. கலகத்தை முழுவதும் நீக்குக, அதன் காரணத்தையும் நீக்குக, மீறினால் விளைவு உங்கள் தலைமேல் என்று முதல் பக்க ஓரத்தில் டில்னி எழுதியிருக்கிறார். அதே கைப்படியில் கலகக்காரர்களை அமைதிப்படுத்தும் பேச்சுள்ள மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. பிற்காலத்தில் அந்தப் பதவிக்கு வந்த ஹென்றி ஹெர்பர்ட் இன்னும் கண்டிப்பானவர். வில்லியம் டேவனண்டின் நாடகமொன்றில் அவர் ஆணைச்சொற்கள் என்று அடித்தவற்றை 1634 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸ் தாமே உட்கார்ந்து படித்து, இவை வெறும் உறுதிச்சொற்கள், இருக்கட்டும் என்று திருப்பிச் சேர்த்தார். மன்னர் தீர்ப்புக்குப் பணிகிறேன், ஆனால் என் கருத்து மாறவில்லை என்ற பொருள்பட ஹெர்பர்ட் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

பிரதமர் ராபர்ட் வால்போல் தன்னைக் கேலிசெய்த மேடைகளை அடக்க 1737-இல் கொண்டுவந்த சட்டம் இந்த அதிகாரத்தை அரண்மனை அலுவலரான லார்ட் சேம்பர்லினிடம் உறுதிப்படுத்தியது. நாடகப் படி 14 நாள் முன்னதாக அவரிடம் போக வேண்டும். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாடக ஆசிரியர் ஹென்றி ஃபீல்டிங் மேடையை விட்டு நாவலுக்குப் போனதற்கு இதுவே முதன்மையான காரணம். 1968 செப்டம்பரில்தான் இந்தச் சட்டமுறை ஒழிந்தது. மறுநாளே ‘ஹேர்’ என்ற இசை நாடகம் லண்டனில் அரங்கேறியது. இதன் கிளை இந்தியாவிலும் வேர்விட்டது. கல்கத்தா மேடைகள் ஆட்சியாளரைச் சாடத் தொடங்கியதும் 1876-இல் நாடகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவிலும் சென்னை மாநிலம் 1954-இல் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றியது, நடிகர் எம்.ஆர். ராதாவின் மேடைதான் அதன் இலக்கு என்பது ஊரறிந்த செய்தி. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

அன்றாட வாழ்வில் அனுமதியைச் சுமந்தவர்கள் எளியவர்கள். 1531 முதல் இங்கிலாந்தில் பிச்சை எடுக்கவும் உள்ளூர் நீதிபதியின் லைசென்ஸ் வேண்டும். அதில் குறித்த எல்லையைத் தாண்டினால் தண்டனை. 1552 முதல் மதுக்கடை வைக்க இரண்டு நீதிபதிகளின் அனுமதி வேண்டும். நீதிபதிகளிடமிருந்த இந்த அதிகாரம் 2005-இல்தான் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. பெர்மிட் என்பது கடந்துபோக விடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலை மூட்டைகள் ஊர்விட்டு ஊர் போகும்போது வண்டிக்காரன் கையில் இருக்க வேண்டிய கலால் சீட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. சாங்ஷன் பிறந்தது இன்னும் உயரமான இடத்தில். புனிதமாக்குவது என்ற வேரிலிருந்து வந்து, சட்டத்தையும் அதை மீறினால் விழும் தண்டனையையும் சேர்த்துக் குறித்தது. அதனால்தான் ஒரு நாட்டின் மீது சாங்ஷன் என்றால் தடை, கடன் சாங்ஷன் ஆனது என்றால் ஒப்புதல்.

இந்தச் சொற்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதுவே 1600 டிசம்பர் 31 அன்று முதலாம் எலிசபெத் கொடுத்த சாசனத்தில் பிறந்தது. கம்பெனியின் லைசென்ஸ் இல்லாத ஆங்கிலேயர் இந்தியாவில் வணிகம் செய்வதும் தங்குவதும் குற்றம். சமயப் பணியாளர் வில்லியம் கேரி 1793-இல் அது இல்லாமல் வங்காளம் வந்தார். பின்பு டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் இடம் தேடிக்கொண்டார். இங்கிலாந்தில் 1695-இல் ஒழிந்த முன் தணிக்கையைக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799-இல் இந்தியப் பத்திரிகைகள் மேல் சுமத்தினார். 1823-இல் அச்சகங்களுக்கே லைசென்ஸ் என்றானது. 1835-இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் அதை நீக்கியபின் தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கும் வழி திறந்தது. ஆட்சி மாறிய பிறகும் சொற்கள் போகவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் டெல்லியின் லைசென்ஸ் தேவைப்பட்டது. அந்த அமைப்புக்கு ‘லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்’ என்று பெயர் சூட்டியவர் ராஜாஜி. பெரும்பாலான தொழில்களுக்கு அது 1991 ஜூலையில் விலக்கப்பட்டது.

மேலிருந்து வராத ஒப்புதல் சொல் ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் 1839 மார்ச் 23 அன்று, எல்லாம் சரி என்பதை வேண்டுமென்றே தவறான எழுத்துக்கூட்டலில் சுருக்கி ‘ஓ.கே.’ என்று அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் கிண்டர்ஹுக் ஊரைச் சேர்ந்த மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற அவருடைய பட்டப்பெயரின் சுருக்கமாகவும் அது ஒலித்ததால், அதைத் தங்கள் மன்றப் பெயராக்கினார்கள். இந்த வரலாற்றை 1960-களில் மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் பத்திரிகைக் கோப்புகளைத் தேடி நிறுவினார். முத்திரையோ கட்டணமோ இல்லாத இந்தச் சொல் இன்று உலகின் பல மொழிகளிலும் புழங்குகிறது.

பழைய சொற்களில் திசையே மாறிப்போனது கன்சென்ட். சேர்ந்து உணர்வது என்ற பொருளில் தொடங்கி, மணமக்களின் சம்மதமாக நின்ற அது 20-ஆம் நூற்றாண்டில் மருத்துவமனைக்குள் வந்தது. விவரம் அறிந்து தரும் சம்மதம் என்ற தொடரை 1957-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் ஒன்று தன் தீர்ப்பில் பயன்படுத்தியது. அதுவரை பெரும்பாலும் எளியவர் கேட்க, அதிகாரம் உடையவர் கொடுத்துவந்தார். இங்கே அறிவும் கருவியும் உடைய மருத்துவர் கேட்கிறார். படுக்கையில் இருப்பவர் கொடுக்கிறார், மறுக்கவும் செய்யலாம். சோதனைக்குத் தந்த சம்மதத்தை அறுவைக்கும் தந்ததாக மருத்துவர் எடுத்துக்கொள்ள முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.